வண்டி ஓட்டுபவருக்குப் பழச்சாறு இலவசம்

சைடரைப் பல் கூசும் அளவுக்குக் குளிரவைத்துக் கொடுக்கிறார்கள் என்றால், அதில் எதையோ மறைக்கிறார்கள் என்று பொருள். ஆப்பிள் சாற்றைப் புளிக்கவைத்துச் செய்யும் மது அது. குளிர் ஏறினால் நாக்கு மரத்துப்போகும். புளிப்பு தெரியாது, துவர்ப்பு தெரியாது, மது இருப்பதே சில சமயம் தெரியாது. கிளாஸை இரண்டு உள்ளங்கைகளுக்குள்ளும் கொஞ்ச நேரம் பொத்தி வைத்திருந்து, பிறகு குடியுங்கள். ஒன்பது வருடமாக இந்தப் பத்தியைப் படித்துவருபவர்களுக்கு உபயோகமாக நான் சொல்லக்கூடியது இது ஒன்றுதான்.

இந்த வாரம் நான் எந்த ஆலைக்கும் போகவில்லை. இனிமேலும் போவதாக இல்லை. ஆசிரியர் இதை வெட்டாமல் போடுவார் என்று நம்புகிறேன். ஒன்பது வருடத்தில் ஒரு தடவைகூடத் தாமதமாக அனுப்பாதவன் என்ற மரியாதைக்காகவாவது போடலாம்.

முதலில் ஒரு சின்ன உண்மை. பத்திக்கு ‘நுனிநாக்கு’ என்று பெயர் வைத்திருந்தேன். அந்த நாக்கு என்னுடையது அல்ல. என்னுடையது காப்பியில் சர்க்கரை இல்லாவிட்டால் கண்டுபிடிக்கும், அதோடு சரி. பத்தி எழுதிய நாக்கு என் மாப்பிள்ளையுடையது. அதாவது என் தங்கையின் கணவர்.

அவர் லிப்ட் பழுதுபார்ப்பவர். பத்து மாடிக் கட்டடத்தின் உச்சியில் இருக்கும் மோட்டார் அறைக்குள் நுழைந்து, வாசத்தை வைத்தே எந்தச் சுருள் கருகியிருக்கிறது என்று சொல்லிவிடுவார். கல்யாணமான புதிதில் ஊருக்கு வெளியே இருந்த ஒரு சின்ன பீர் ஆலைக்கு விளையாட்டாகப் போனோம். பள்ளம் வெட்டிய மரப்பலகையில் நாலு சின்ன கிளாஸ்களை வைத்தார்கள். நான் நாலையும் குடித்துவிட்டு நன்றாக இருக்கிறது என்றேன். மாப்பிள்ளை ஒவ்வொன்றிலும் ஒரு வாய் குடித்துவிட்டு, ஒன்றில் புது ஷூ டப்பாவைத் திறந்த வாசம் வருகிறது, இன்னொன்று மழையில் நனைந்த குடையை வீட்டுக்குள் விரித்த மாதிரி இருக்கிறது என்றார். நான் சிரித்தேன். ஆலைக்காரர் சிரிக்கவில்லை. அந்தக் குடை போன வாரம் நடந்த ஒரு தவறு, அதை வெளியில் யாருக்கும் சொல்லவில்லை என்றார்.

மாப்பிள்ளை சொன்னதை வீட்டுக்கு வந்து எழுதினேன். அதுதான் முதல் பத்தி. அடுத்த ஆறு வருடமும் அப்படித்தான். ஞாயிறுதோறும் போவோம்; அவர் சொல்வார், நான் எழுதுவேன். உங்கள் பெயரையும் போடட்டுமா என்று ஒரு தடவை கேட்டேன். “எனக்கெதுக்கு மச்சான் அதெல்லாம்? என் பேரப் போட்டா லிப்ட்ல ஏற ஆள் பயப்படுவாங்க” என்றார். மறுபடி நான் கேட்கவில்லை.

அவர் வெறுமனே ருசி பார்ப்பதோடு நிற்கவில்லை என்பது எனக்குத் தெரியும். வாரநாட்களிலும் குடித்தார். ஏழாவது வருடம் கண்கள் மஞ்சளாகி, கால்கள் வீங்கி, ஆஸ்பத்திரியில் பதினாறு நாள் கிடந்தார். கல்லீரல் பாதிக்கு மேல் கெட்டுவிட்டது, இனி ஒரு வாய் குடித்தாலும் நான் பொறுப்பில்லை என்று டாக்டர் எல்லோர் முன்னாலும் சொன்னார். நானும் அங்கே நின்றிருந்தேன். எனக்குத் தெரியாது என்று சொல்ல வழியில்லை.

அவர் நிறுத்திவிட்டார். நாங்கள் யாருமே எதிர்பார்க்கவில்லை. தங்கை சமையலறைக் கதவில் ஒரு காலண்டரை மாட்டி, தினமும் காலையில் சிவப்புப் பேனாவால் ஒரு நாளை அடிப்பாள். அடித்துவிட்டு அவரைத் திரும்பிப் பார்ப்பாள். அவர், என்னவோ லாட்டரி விழுந்த மாதிரி சிரிப்பார்.

அந்த வீட்டில் அப்படி ஒரு வெளிச்சம் வந்தபோது என் பத்தி செத்துக்கொண்டிருந்தது. ‘இதமான’, ‘புத்துணர்ச்சி தரும்’ என்று எழுதி நாலு மாதம் ஓட்டினேன். நாக்குக்கு ஜலதோஷமா என்று ஒரு வாசகர் கடிதம் போட்டார். ஆசிரியர் முழுப் பக்கத்தை அரைப் பக்கமாக்கினார். பிறகு அந்த அரைப் பக்கத்தையும் யோசிக்க வேண்டியிருக்கிறது என்றார். காப்பீட்டு அலுவலகத்தில் பகலெல்லாம் விண்ணப்பங்களைச் சரிபார்க்கும் ஒருவனுக்கு, ஞாயிற்றுக்கிழமை காலையில் தன் பெயரை அச்சில் பார்ப்பது என்ன என்று உங்களுக்குச் சொல்லிப் புரியவைக்க முடியாது. நியாயம் கேட்கவில்லை. காரணத்தைச் சொல்கிறேன்.

தங்கையிடம் போனேன். மாப்பிள்ளை ஞாயிற்றுக்கிழமைகளில் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது நல்லதில்லை, பழைய மாதிரி என்னோடு வரட்டும், வண்டி ஓட்டட்டும் என்றேன். எதிரே இருக்கும்போதே தொடாமல் இருக்கப் பழகினால்தான் பயம் போகும் என்றும் சொன்னேன். அவள் நிறைய யோசித்தாள். “நீ கூட இருக்கேன்னா எனக்கு பயமில்லண்ணா” என்றாள். பாலுக்குப் பூனையைக் காவல் வைத்தாள் என் தங்கை.

இந்த ஆலைகளில் ஒரு நல்ல வழக்கம் உண்டு. வண்டி ஓட்டுபவரின் மணிக்கட்டில் ஒரு பச்சைப் பட்டை கட்டிவிடுவார்கள். அவருக்கு மது ஊற்ற மாட்டார்கள், பழச்சாறு இலவசம். மாப்பிள்ளை அந்தப் பட்டையைப் பதக்கம் மாதிரி கட்டிக்கொள்வார். வீட்டுக்குப் போனதும் கழற்றித் தங்கையிடம் கொடுப்பார். அவள் அவற்றையெல்லாம் ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு வைத்திருந்தாள்.

முதல் சில வாரங்கள் நான் எதுவும் கேட்கவில்லை. பிறகு, முகர்ந்து மட்டும் பாருங்களேன் என்றேன். அவர் தயங்கினார். நெருப்பு என்று சொன்னால் வாய் வெந்துவிடுமா என்று கேட்டேன். முகர்ந்தார். பாதி பத்திக்கு விஷயம் கிடைத்தது. நாக்கில் ஒரு சொட்டு வைத்துவிட்டுத் துப்பிவிடலாமே, துப்புவதற்குத்தான் வாளி வைத்திருக்கிறார்களே என்று இன்னொரு நாள் சொன்னபோது, அவர் கிளாஸைக் கீழே வைத்துவிட்டார். “வாசத்தோட விட்டுடுங்க மச்சான். அதுக்கு மேல என்கிட்ட கேக்காதீங்க. நான் அவ்வளவு பலசாலி இல்ல.”

மனுஷர் தன் பூட்டு எங்கே இருக்கிறது என்று என்னிடமே காட்டிவிட்டார்.

காலண்டரில் நானூற்றுப் பன்னிரண்டாவது நாள். மலைச்சரிவில் ஓர் ஆப்பிள் தோட்டம், அதன் நடுவே தகரக் கூரை போட்ட சைடர் ஆலை. ரப்பர் பூட்ஸ் போட்ட ஒரு பெண்மணி தனி ஆளாக நடத்திவந்தார். அந்த வருடம் ஒரே ஒரு கிழட்டு மரத்தின் பழத்தில் மட்டும் ஒரு சைடர் செய்திருந்தார். மொத்தமே இருநூறு பாட்டில். ஆசிரியர் அதைப் பற்றித்தான் எழுதச் சொல்லியிருந்தார். அது சரியாக அமையவில்லை என்றால் பத்தி நிற்கும் என்பதை மென்மையாகச் சொல்லியிருந்தார். மாப்பிள்ளை முகர்ந்து பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். வாசத்தில் ஒன்றுமே இல்லை, எல்லாம் வாய்க்குள்தான் இருக்கும் போல என்றார்.

ஆப்பிளைக் கூடை கூடையாக மேலே ஏற்றும் இயந்திரம் அன்று பாதியில் நின்றுபோயிருந்தது. இது என் மாப்பிள்ளைக்குச் சுண்டைக்காய் என்று அந்தப் பெண்மணியிடம் நான்தான் சொன்னேன். மாப்பிள்ளை சட்டைக் கையை மடித்துக்கொண்டு போய்விட்டார். யாருக்காவது ஏதாவது ஓடவில்லை என்றால் அவரால் சும்மா இருக்க முடியாது. நாற்பது நிமிடம் அந்தத் தகரத்தின் அடியில், நல்ல வெயிலில், சங்கிலியோடு மல்லுக்கு நின்றார்.

பழச்சாறும் அந்தச் சைடரும் ஒரே மஞ்சள். கிளாஸும் ஒன்றுதான். இன்னொரு கிளாஸ் சைடர் கேட்டபோது, பச்சைப் பட்டைக்காரருக்கு இல்லையே என்று அந்தப் பெண்மணி கேட்டார். எனக்குத்தான் என்றேன். மாப்பிள்ளையின் பழச்சாற்றை வடிகாலில் ஊற்றிவிட்டு, அந்த இடத்தில் இதை வைத்தேன்.

மாப்பிள்ளை வியர்வையோடு வந்தார். கை கழுவினார். கிளாஸை எடுத்து ஒரே மடக்கில் பாதியைக் குடித்தார். மீதியை வாயில் ஊற்றியதும் நின்றார். விழுங்கவில்லை. கன்னம் உப்பியபடி என்னைப் பார்த்தார். துப்பும் வாளி அவர் முழங்காலுக்குப் பக்கத்தில்தான் இருந்தது. கோபம் வந்திருந்தால் நான் தாங்கியிருப்பேன். அவர் பார்வையில் கோபம் இல்லை, ‘நீங்களா?’ என்பது மட்டும்தான் இருந்தது. பிறகு விழுங்கினார்.

“கடைசில பென்சில் சீவுன வாசம் வருது மச்சான். எழுதிக்கோங்க” என்றார்.

எழுதிக்கொண்டேன்.

இதை நான் பல தடவை யோசித்திருக்கிறேன். குடை வாசத்தைக் கண்டுபிடித்த நாக்கு அது. முதல் சொட்டிலேயே அவருக்குத் தெரிந்திருக்கும். தெரிந்தேதான் குடித்தார், வாளி பக்கத்திலேயே இருந்தும் துப்பவில்லை. ஒரு வளர்ந்த மனிதர் தானாக எடுத்த முடிவு. இந்த எண்ணத்தைப் பிடித்துக்கொண்டுதான் ஒன்றரை வருடம் தூங்கினேன்.

அன்று வண்டியை நாங்கள் இருவரும் ஓட்டவில்லை. வாடகைக் கார் பிடித்தோம். அந்த விஷயத்தில் ரொம்பப் பொறுப்பாக நடந்துகொண்டோம். வண்டி மக்கர் செய்துவிட்டது என்று தங்கையிடம் சொன்னேன். அவர் பட்டையைக் கழற்றி அவளிடம் கொடுத்தார். அவள் டப்பாவில் போட்டாள்.

பென்சில் சீவிய வாசம் பற்றிய அந்தப் பத்திக்கு வந்த கடிதங்கள் உங்களில் பலருக்கு நினைவிருக்கும். மறு வாரமே முழுப் பக்கம் திரும்பி வந்தது. அடுத்த ஞாயிறு அவரே கிளாஸுக்குக் கை நீட்டினார். நான் தடுக்கவில்லை. அதற்கடுத்த நாலு மாதப் பத்திகள்தான் நான் எழுதியதிலேயே சிறந்தவை.

தங்கை மேலும் பத்தொன்பது நாள் காலண்டரில் அடித்துக்கொண்டிருந்தாள். நடுவில் ஒரு நாள் நான் போனபோது பேனா எழுதவில்லை என்று உதறிக்கொண்டிருந்தாள். கடைக்குப் போய்ப் புதுச் சிவப்புப் பேனா வாங்கிவந்து கொடுத்தேன். பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுவது என்று சொல்வார்களே, அதைப் பேனாவோடு செய்தவன் நான்.

இருபதாவது நாள் அவளுக்கு வாசம் தெரிந்துவிட்டது. யார் கொடுத்தார்கள் என்று கேட்டாள். நானும் அங்கேதான் இருந்தேன். “யாரும் குடுக்கல. நானா வாங்கிக் குடிச்சேன்” என்றார் மாப்பிள்ளை. என் பக்கம் திரும்பக்கூட இல்லை. அவரே சொல்லிவிட்டாரே, நான் எதற்கு நடுவில் பேசுவது என்று இருந்துவிட்டேன்.

ஐந்தாவது மாதம் வேலை போயிற்று. கை நடுங்குபவரை மோட்டார் அறைக்கு அனுப்ப முடியாது என்றார்கள், அது நியாயம்தான். ஏழாவது மாதம் அதே ஆஸ்பத்திரி, அதே மாடி. இந்தத் தடவை டாக்டர் எதுவும் எச்சரிக்கவில்லை.

ஒரு நாள் மத்தியானம், தங்கை மருந்து வாங்கக் கீழே போயிருந்தபோது, சட்டைப்பையிலிருந்து ஒரு சின்ன இருமல் மருந்து பாட்டிலை எடுத்தேன். அந்த வாரத்து பீர் அதில் கொஞ்சம் இருந்தது. பஞ்சில் நனைத்து அவர் உதட்டில் வைத்து, என்ன தெரிகிறது மாப்பிள்ளை என்று கேட்டேன். மறுநாள் பத்தி அனுப்ப வேண்டும். அவர் கண்ணை மூடிக்கொண்டு ரொம்ப நேரம் தேடினார். உண்மையாகவே தேடினார், எனக்காக.

“ஒண்ணும் தெரியல மச்சான். தண்ணி மாதிரிதான் இருக்கு. மன்னிச்சுக்கோங்க.”

நான் அழுதேன். அதற்குள் தங்கை வந்துவிட்டாள். பஞ்சை உள்ளங்கையில் மறைத்துக்கொண்டேன். அவள் என் தோளைப் பிடித்துக்கொண்டு தானும் அழுதாள். பதினோரு நாளில் அவர் போய்விட்டார். எங்கள் அண்ணன் அழுது நான் பார்த்ததே இல்லை, அவர்மேல் அவனுக்கு அவ்வளவு பாசம் என்று வந்தவர்களிடமெல்லாம் அவள் சொன்னாள். இன்றும் சொல்கிறாள். அன்று நான் அழுதது அந்த நாக்குக்காக.

போன வாரம் அவள் பிஸ்கட் டப்பாவைக் கொட்டி, பச்சைப் பட்டைகளை எண்ணிக்கொண்டிருந்தாள். “இத்தனை நாள் இருந்தவருக்கு முதல் கிளாஸ யார் குடுத்தாங்கன்னு மட்டும் தெரிஞ்சா போதும்ணா” என்றாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் என் பத்தியை முதலில் படிப்பவள் அவள்தான். அதனால் இங்கே எழுதுகிறேன். நேரில் சொல்லத் துணிவில்லாதவன் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

தங்கச்சி, கொடுத்தது நான். அவர் தெரிந்தேதான் குடித்தார் என்று மேலே எழுதியிருக்கிறேன், அதை அடித்துவிடு. அவர் சங்கிலியோடு மல்லாடிக்கொண்டிருந்தபோது, அந்தக் கிளாஸை ஐஸ் வாளிக்குள் விளிம்புவரை புதைத்து, அரை மணி நேரம் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன்.