நாலாம் நம்பர் டிரம்

அன்புள்ள வசந்த்,

யார் யார் இருந்தோம் என்று முதலில் எழுதிவிடுகிறேன். ஜியாவுல்லா வீட்டு மொட்டை மாடி. தண்ணித் தொட்டி ஓரம் ஜியாவுல்லா. எதிரே பாயில் அவன் தம்பி ஹபீப். கைப்பிடிச் சுவரை ஒட்டி நானும் என் வீட்டுக்காரி ஜோதியும். கரண்ட் இல்லை. சொன்னவன் ஜியாவுல்லா, நடந்தது அவன் பெரியம்மா மகன் மக்பூலுக்கு. உன் அப்பா விஷயம் என்பதால் ஒன்றும் விடாமல் எழுதுகிறேன்.

அது நடந்த அன்று சாயங்காலம் ஏழே கால். பாலாற்றை ஒட்டிய மண் ரோடு, ஆளே இல்லை. மூடிக் கிடக்கும் அந்தத் தோல் ஷெட்... உன் அப்பா பெருமாள் டிரம்முக்குள் அரைபட்ட இடம். மக்பூல் அங்கே லேப்டாப்பில் ஓடும் ரேடியோ ரிசீவரைச் சோதிக்கப் போனான். இரும்பும் சுவரும் சிக்னலைக் கன்னாபின்னாவென்று திருப்பியடிக்கும் இடம்தான் அவனுக்கு வேண்டும். அனுப்பும் கருவி முதலில் ஒரு அடையாளத் தட்டல் அனுப்பும். ரிசீவருக்கு அது மனப்பாடம். வந்ததும் பிடித்துக்கொள்ளும். தட்டல் எவ்வளவு கலங்கி வந்திருக்கிறது என்று பார்த்து, அது வந்த வழியைக் கணக்குப் போடும்.

அந்த அடையாளத்துக்கு மக்பூல் வைத்தது டிரம் தட்டு. உனக்குத் தெரியும்... தோல் ஊறும் மர டிரம்மைச் சுற்றவிடுமுன் மூணு தட்டு. உள்ளே கழுவுகிறவன் பதில் தட்டினால் சுவிட்சைத் தொடக்கூடாது.

அனுப்பும் கருவி இன்னும் பைக்குள்தான். பேட்டரிகூடப் போடவில்லை.

ரிசீவர் பிடித்துக்கொண்டது.

வாட்ச்மேன் கோதண்டராமன் எட்டிப் பார்த்தான். உன் அப்பா செத்த அன்று சுவிட்ச் போட்டவன்.

"இன்னாப்பா, எங்கருந்து வருது?"

"சுத்தி ஈர மரம்னு காட்டுதுண்ணா. எட்டடி இருக்கும்... உருண்டையா."

கோதண்டராமன் டிரம்கள் பக்கம் திரும்பினான்.

"தட்டினேன்னுதான் கேஸ்ல சொன்னேன்," என்றான். "தட்டல. லோடு லேட்டாயிட்ச்சி."

நீ எட்டு வருஷமாகக் கேட்டது இதைத்தானே, வசந்த்.

பிறகு அவனே போய் நாலாம் நம்பர் டிரம்மில், உன் அப்பா போன அதே டிரம்மில், மூணு தட்டினான். பதில் இல்லை. மூடியைத் திறந்து தலையை விட்டான்... சரக்கென்று இழுத்தது. மக்பூல் காலைப் பிடித்தான், செருப்புதான் கையோடு வந்தது. மூடி சாத்திக்கொண்டது. மூணு வருஷமாகக் கரண்ட் இல்லாத டிரம் சுற்ற ஆரம்பித்தது. தொப்... தொப்... உள்ளே இருக்கும் மர முளைகளில் மோதும் சத்தம். அப்புறம் கரும்பு ஒடிகிற சத்தம். ஆறு சுற்று வரை கத்தினான், மக்பூல் எண்ணியிருக்கிறான். சுண்ணாம்பு நாத்தத்துக்கு மேலே ரத்தக் கவிச்சி. வடிகால் ஓட்டையில் வழிந்ததில் பல் கிடந்தது.

டிரம் நின்றது. ரிசீவர் மறுபடி பிடித்தது. அதே ஈர மரம், அதே உருண்டை.

இப்போது அனுப்புகிறவர்கள் ரெண்டு பேர்.

"பெருமாள் மகன்கிட்ட குட்த்துடு, என் வூட்ல வேணாம்," என்று ரிசீவர் பிடித்த தட்டலின் பதிவை மெமரி கார்டில் ஜியாவுல்லாவிடம் கொடுத்துவிட்டான் மக்பூல். இத்துடன் வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
எபினேசர்

(உறையின் பின்பக்கம்)
ஒட்டியாகிவிட்டது. தபால்பெட்டி முன்னால் நின்று உறைமேல் சும்மா மூணு தட்டினேன். உள்ளிருந்து பதில் வந்தது. கையில் வைத்திருக்க முடியவில்லை, போட்டுவிடுகிறேன். பிரிக்குமுன் நீயும் தட்டு. பதில் வந்தால் பிரிக்காதே.