மெத்தைக்கு அடியில் எஞ்சின்

எஞ்சினைப் பிரிப்பதற்கு முன்னால் அதை நன்றாகக் கழுவ வேண்டும், சார். இது அரிச்சுவடி. என் தங்கை புருஷன் அழுக்கோடு பிரித்தார், மண்ணெல்லாம் உள்ளே விழ. கேட்டால், வீடியோவில் யாரும் அதைச் சொல்லவில்லையாம்.

என் ஒர்க்ஷாப்பில் அவருக்கு நாங்கள் வைத்த பெயர் புரொபசர். ஸ்பேனரை நேராகப் பிடிக்கத் தெரியாது, பேச்சு மட்டும் எஞ்சினைக் கரைத்துக் குடித்தவர் மாதிரி. அந்தப் பழைய வேனை வாங்கி வந்ததும் அவர்தான். உள்ளேயே அடுப்பு, அலமாரி, பின்பக்கம் படுக்கை, படுக்கைக்கு அடியில் எஞ்சின். நீலப் புகையைக் கக்கிக்கொண்டு வந்து நின்றது. பிஸ்டன் ரிங் எல்லாம் தேய்ந்து ஆயிலாகக் குடித்துக்கொண்டிருந்தது.

"இது தேறாது மாப்பிள்ளை. பழைய இரும்புக்குப் போட்டுடுங்க" என்றேன்.

தேறும் என்று எனக்குத் தெரியும். தேறினால் என் தங்கை கிளம்பிவிடுவாள் என்பதும் தெரியும். கல்யாணத்துக்குப் பிறகும் என் வீட்டு மாடியில்தான் இருந்தார்கள். அப்பா அம்மா போன பிறகு அவளை வளர்த்தவன் நான். அவள் இல்லாத வீட்டை என்னால் நினைத்துக்கூடப் பார்க்க முடியாது, இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. அவளோ, "ஊர் ஊரா போகப்போறோம்ணா. திரும்பி வர்றதைப் பத்தி அப்புறம் யோசிச்சுக்கலாம்" என்று சிரித்தாள். அவள் புத்தியைக் கெடுத்தது யார் என்று தனியாகச் சொல்ல வேண்டுமா?

மனிதர் விடுகிற மாதிரி இல்லை. புது பிஸ்டன், ரிங், பேரிங் என்று வரவழைத்து, என் ஒர்க்ஷாப்பிலேயே ஒரு மூலையைப் பிடித்துக்கொண்டார். ரிங்கைத் தலைகீழாக மாட்டினார். ஒர்க்ஷாப்பே சிரித்தது. அவரும் கூடச் சேர்ந்து சிரித்துவிட்டு, "எப்படின்னு சொல்லிக்குடுங்க மச்சான்" என்றார். ரோஷமில்லாத ஜென்மம். அப்படிக் கேட்பவனிடம் என்ன செய்வது, சொல்லிக்கொடுத்தேன். கடைசியில் சாவியைத் திருப்பியதுமே எஞ்சின் பிடித்துக்கொண்டது. தங்கை கை தட்டினாள். இத்தனை வருஷத்தில் என் வேலைக்கு அவள் ஒரு தடவைகூடக் கை தட்டியதில்லை. எனக்கு வயிறு எரிந்தது.

வண்டியைச் சோதித்த உங்கள் போலீஸ் ஆள் என்ன சொல்கிறார்? மாப்பிள்ளை வேலை தெரியாதவர், சைலன்சர் பைப் சேருகிற இடத்தில் இடுக்கை அடைக்கிற கேஸ்கெட்டைப் போட மறந்துவிட்டார், புகை உள்ளே வந்துவிட்டது, விபத்து என்கிறார். அந்த ஆளுக்கெல்லாம் யார் வேலை கொடுத்தது? ஒரு தடவை இறுக்கிய போல்ட்டை மறுபடி கழற்றியிருக்கிறார்கள் என்பதைக்கூடப் பார்க்கத் தெரியவில்லை. புரொபசர் மறக்கவில்லை, சார். மற்றதெல்லாம் எப்படியோ, அந்த இணைப்பை நான் போட்ட மாதிரி அத்தனை சுத்தமாகப் போட்டிருந்தார். அவர்கள் மாடியில் துணிமணியை மூட்டை கட்டிக்கொண்டிருந்தபோது அந்த கேஸ்கெட்டை நான்தான் எடுத்தேன். மெத்தைக்கு அடியில் எஞ்சின் மூடியைச் சுற்றி, புகை மேலே வராமல் தடுக்க ஒரு ரப்பர் பட்டை இருக்கும். அதையும் உருவிவிட்டேன்.

கிளம்புகிற நேரத்தில் புரொபசர் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்.

"மச்சான், டிக் டிக்னு ஒரு சத்தம் வருதே?"

புகை கசிகிற சத்தம் அது. சரியாகத்தான் பிடித்திருந்தார்.

"புது ரிங் மாப்பிள்ளை, செட் ஆகுற வரைக்கும் அப்படித்தான். குளிர்ற இடத்துல தங்குனா எஞ்சினை ஆஃப் பண்ணாதீங்க. அது பாட்டுக்கு மெதுவா ஓடட்டும், ரிங் நல்லா உக்காரும்."

புது ரிங் போட்ட வண்டியை நிறுத்தி வைத்து எஞ்சினை ஓடவிட்டால் ரிங் கெட்டுத்தான் போகும். என் தொழிலில் எந்த மடையனுக்கும் இது தெரியும். இவர் பெரிதாகத் தலையை ஆட்டினார். நான் சொன்னால் அப்படியே நம்புவார், அவ்வளவுதான் அவருடைய விவரம்.

தங்கை மெத்தையைத் தட்டிப் போட்டபடி கேட்டாள். "தூங்கும்போது ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வெச்சுக்கவாண்ணா?"

"வேண்டாம்மா, குளிரும். நல்லா மூடிட்டுத் தூங்கு."

அவள் சாக வேண்டும் என்று நான் கனவிலும் நினைத்ததில்லை. ஜன்னல் திறந்திருந்தால் நான் பட்ட பாடெல்லாம் வீணாகியிருக்கும், அதனால் சொன்னேன். அவள் தாங்குவாள், சின்ன வயதிலிருந்தே திடமான உடம்பு. அப்படித்தான் ஆயிற்று. அவர் போய்விட்டார், இவள் பிழைத்துக்கொண்டாள். மூளையில் பெரிய சேதம், இனிமேல் பேச்சு வராது, ஆள் அடையாளம் தெரியாது என்கிறார் டாக்டர். டாக்டர்களுக்கு எல்லாமே பெரிதுதான்.

வீட்டுக்குக் கூட்டி வந்துவிட்டேன். நானே சோறு ஊட்டுகிறேன், நானே தலை வாரிவிடுகிறேன். யாரும் அவளைக் கட்டிப்போடவில்லை, சார். "எங்கேயாவது போகணுமாம்மா?" என்று தினமும் கேட்கிறேன். ஒரு நாளாவது போகணும் என்று அவள் சொல்லட்டுமே.