மூடச் சொன்ன ஞாபகம்

மேடையில் இருக்கிற ஒரே ஃபேனைக் கூட்டத்தின் பக்கம் திருப்பிவிட்டு, துண்டால் விசிறிக்கொண்டிருக்கும் தலைவர் வெள்ளைச்சாமி ஐயா அவர்களே. அரும்பாவூர் வாசகர் வட்டத்துப் பெரியோர்களே. காட்டு வேலை முடித்து, கையில் வெங்காய வாசம் போகுமுன்னே வந்து அமர்ந்திருக்கும் தாய்மார்களே. பின்வரிசையில் போனைப் பார்ப்பதுபோல் என்னை வீடியோ எடுக்கும் நண்பர்களே. உங்கள் அத்தனை பேர் தலைக்குள்ளும் இருக்கிற, ஒன்றரைக் கிலோகூட வராத அந்த அதிசயத்துக்கு என் முதல் வணக்கம்.

நான் மருத்துவம் படித்தவன் இல்லை. யூடியூபில் ஒரு வீடியோ பார்த்து, அது இன்னொன்றைக் காட்ட, மூளைக்குள் போய் விழுந்தவன். விழுந்தவன் இன்னும் எழுந்திருக்கவில்லை.

அரியலூர்ப் பக்கம் பூமியைத் தோண்டினால் என்ன வரும்? சுண்ணாம்புக் கல். அந்தக் கல்லுக்குள் என்ன வரும்? சரியாச் சொன்னீங்க அண்ணே, கடல் நத்தை. கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் கடல் கிடந்த மண் அது. கடல் போய்விட்டது, நத்தையின் சுருள் போகவில்லை. அன்று விழுந்த கோடு இன்றும் கோடு. மண் மறக்கவில்லை, மாற்றவில்லை, மசாலா சேர்க்கவில்லை.

நம் தலைக்குள்ளும் ஒரு கடல் சங்கதி இருக்கிறது. காதுக்கு நேராக, மூளையின் ஆழத்தில், கடல்குதிரை போல வளைந்த ஒரு சின்ன உறுப்பு. ஹிப்போகாம்பஸ் என்று பெயர். அங்கங்கே சிதறிக் கிடக்கிற பார்த்ததையும் கேட்டதையும் கோத்து நினைவாக்குவதில் அதுதான் கெட்டிக்காரன். அப்படிக் கோத்த நினைவு, கல்லுக்குள் இருக்கிற நத்தை மாதிரி அப்படியே இருக்குமா?

இருக்கும் என்றுதான் சிந்தாமணி பெரியம்மா நம்பினார். முன்வரிசையில்தான் இருக்கிறார். “சொல்லிக்கடா, ஆனா என்னைய நல்லவளா சொல்லு” என்று கண்டிஷன் போட்டுத்தான் அனுமதி தந்தார்.

அவர் காட்டில் சின்ன வெங்காயம் பறித்துப் பட்டறை போட்டிருந்தார்கள். காற்று புகுந்து வர இடைவெளி விட்டு, குச்சி கட்டி, உயரமாகக் குவித்த வெங்காயம். பகலில் திறந்து கிடக்கும். சாயங்காலம் தார்ப்பாய் போட்டு மூடுவது அவருடைய தம்பி மகன் அசோக்கின் வேலை. தினமும் பெரியம்மா ஒரே சொல்தான் சொல்வார்: “மூடிடு அசோக்கு.” ஒருநாள் தார்ப்பாய் மூடவில்லை. விடியுமுன்னே மழை ஊற்றியது. வெங்காயம் அழுகிப் போச்சு.

“நான் மூடச் சொன்னேன், இவன் மறந்துட்டான்” என்றார் பெரியம்மா. காட்டில் மிச்சம் நின்ற வெங்காயத்தைப் பறித்து, அதன் தழையான தாளை அறுக்க வரிசையாக உட்கார்ந்த பெண்களிடம் தினமும் அதையே சொன்னார். கேட்டவர்கள் திருப்பிச் சொன்னார்கள். அம்பிகா அக்கா ஒருபடி மேலே போய், “நானே ரெண்டு காதாலயும் கேட்டேன்” என்றது. சிரிக்காதீங்க. அக்கா அன்றைக்கு ஊரிலேயே இல்லை, எறையூரில் தங்கச்சி வளைகாப்பில் இருந்தது. பொய் சொன்னதா? இல்லை. அதற்கு நிஜமாகவே கேட்டது.

இதைவிட அதிசயம் அசோக். முதல் நாள், “நீங்க சொல்லலையே அத்தை” என்றவன், ஊரே பேசப் பேச, “நாந்தான் மறந்துட்டேன் போல” என்று ஒப்புக்கொண்டான். பொறுப்பில்லாதவன் என்ற பேரோடு இந்த ஊரில் நடமாட முடியாது என்று திருப்பூர் போகப் பை கட்டினான்.

அந்த நேரத்தில் பெரியம்மா மகள் ஆர்த்தியின் போனில் ஸ்டோரேஜ் நிறைந்துவிட்டது. பழைய வீடியோவை ஒவ்வொன்றாக அழிக்கிறாள். மழைக்கு முந்தின சாயங்காலம் பட்டறை முன்னால் நின்று எடுத்த ரீல்ஸ் வருகிறது. இன்ஸ்டாவில் போட்டபோது மேலே பாட்டு ஓடியதால் பின்னால் பேசிய சத்தம் யாருக்கும் கேட்கவில்லை. போனில் இருந்தது பாட்டு சேர்க்காத வீடியோ. அதில் பெரியம்மா குரல்: “அசோக்கு, இன்னிக்கி மூடாத. உள்ள புழுங்குது. காத்தாடட்டும்.”

மகள் போட்டுக் காட்டினாள். பெரியம்மா இன்னொரு தடவை போடச் சொன்னார். பிறகு மெல்லச் சொன்னார்: “கொரலு என்னோடதுதான். ஆனா நான் சொல்லலையே.”

அந்த வார்த்தையைக் கேட்ட நாளிலிருந்து எனக்கு மெய்சிலிர்ப்பு அடங்கவில்லை. மூளை ஒவ்வொரு சாயங்காலத்தையும் தனித்தனியாக வைத்துக்கொள்வதில்லை. தினமும் நடப்பதை ஓர் அச்சாகச் செய்துகொள்கிறது. ஒருநாளில் ஓட்டை விழுந்தால், அந்த அச்சை எடுத்து அடைத்துவிடுகிறது. நினைக்கும்போது நினைவு மறுபடி ஈரக் களிமண் ஆகலாம், புதிதாய்ச் சேர்ந்ததோடு சேர்ந்தே மறுபடி இறுகலாம் என்கிறார்கள் ஆராய்ச்சியாளர்கள். சொல்லச் சொல்ல இறுகியது. ஆனால் சொல்லச் சொல்ல உண்மையாகவில்லை.

இந்த மூளையைக் குறை சொல்வதா? தாய்மார்களே, பச்சைத் தாளோடு பட்டறை போட்டால் வெங்காயம் என்னாகும்? ஆமா, அழுகிடும். மூளையும் தாள் அறுக்கிறது. அறுத்து எறிவதால்தான் நாளைக்கு இடம் கிடைக்கிறது. மறதி அதன் குறை இல்லை. மறதி அதன் வேலை.

ஆர்த்தியைக் கூட்டிக்கொண்டு பெரியம்மா அசோக் வீட்டுக்குப் போனார். நானும் கூடப் போனேன். அவன் பையைத் தோளில் மாட்டி நிற்கிறான். வீடியோவைப் பார்த்தான். பார்த்த பிறகும் என்ன சொன்னான் தெரியுமா?

“இல்ல அத்தை, நீங்க மூடச் சொன்னீங்க. நான் தார்ப்பாய் கட்டக் கயித்தத் தேடுனது கண்ணுலயே நிக்குது.”

“அட கிறுக்கா, எனக்கும் இப்ப வரைக்கும் மூடச் சொன்ன மாதிரிதான்டா இருக்கு. அது பாட்டுக்கு இருந்துட்டுப் போவட்டும். நீ பைய எறக்கு.”

மாமேதைகள் எழுதிய கட்டுரைகளை மொழிபெயர்த்து மொழிபெயர்த்துப் படித்தவன் நான். எல்லாம் சேர்ந்து எனக்குச் சொல்லாததை அந்த வாசலில் கேட்டேன். தன் நினைவு தவறு என்று தெரிந்தும் அதை அழிக்க முடியாது. ஆனால் அதை நம்பாமல் இருக்க முடியும். எதிரே நிற்பவனை நம்ப முடியும். கல்லுக்கு அது முடியுமா? கல்லுக்கு முடியாதது களிமண்ணுக்கு முடியும்.

நாளைக்கே உங்கள் வீட்டில் “நான் சொன்னேன்”, “நீங்க சொல்லல” என்று சண்டை வரும். அப்போது நினைத்துக்கொள்ளுங்கள்: இரண்டு பேரும் உண்மையே பேசலாம், இரண்டு பேருமே தவறாகவும் இருக்கலாம். முதலில் பையை இறக்கச் சொல்லுங்கள்.

இந்த மைக் செட்டுக்காரர் வேறு யாருமில்லை, அதே அசோக்தான். நேரமாகிவிட்டது, அப்போதே சொன்னேனே என்று அங்கிருந்து கை காட்டுகிறான். சத்தியமாகச் சொல்கிறேன், அவன் சொன்னதாக எனக்கு ஞாபகமே இல்லை.

ஆனாலும் அவனை நம்புகிறேன். கேட்ட காதுகளுக்கெல்லாம் நன்றி. மறக்கப்போகும் மனங்களுக்கெல்லாம் வணக்கம்.