குஞ்சுகளுக்கு வைத்த கணப்பு

கோழிக்குஞ்சு வளர்ப்பதில் பெரிய வித்தை ஒன்றும் இல்லை, ஐயா. ஓர் அட்டைப்பெட்டி, அடியில் மரத்தூள், மேலே தொங்க ஒரு குண்டு பல்பு. பல்புக்கு அடியில் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கத்தினால் குளிர்கிறது. மூலைக்கு ஓடி வாயைப் பிளந்தால் சூடு அதிகம். அங்கங்கே காலை நீட்டித் தூங்கினால் நாமும் போய்த் தூங்கலாம். என் மகன் சாயப்பட்டறைத் தொட்டிக்குள் செத்த பிறகு, கை சும்மா இருந்தால் புத்தி எங்கெங்கோ போகிறதே என்று இதைப் பழகினேன்.

தொட்டி கழுவுவதுதான் எங்கள் பிழைப்பு. நானும் மகனும் ஒரே மேஸ்திரியிடம் வேலை பார்த்தோம். இறங்குமுன் விளக்கைக் கயிற்றில் கட்டி உள்ளே விட்டுப் பார்ப்பது வழக்கம். அணைந்தால் காற்று கெட்டிருக்கிறது. மேஸ்திரிக்கு அந்தப் பொறுமை கிடையாது. தொட்டி வாயில் மூக்கை நீட்டி உறிஞ்சுவார். "நாத்தம் இல்லைன்னா பயம் இல்லை, இறங்குடா" என்பார். அன்றும் அப்படித்தான் சொன்னார். மகன் இறங்கினான். திரும்பி ஏற ஏணியில் கை வைத்தான், அவ்வளவுதான்.

அதைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன். விசாரிக்க வந்தவர்களிடம், "பையன் குடிச்சிருந்தான்" என்று மேஸ்திரி சொன்னார். என் மகன் சோடா குடித்து ஏப்பம் விட்டாலே வெட்கப்படுகிறவன். அவன் குடிக்கிறவன் இல்லை என்று நான் சொன்னேன். பெற்றவன் அப்படித்தான் சொல்வான் என்றார்கள். "குடிகாரன் அம்மா" என்று யாரோ சொன்னது என் மனைவி காதில் விழுந்தது. அன்றோடு அவள் தெருக்குழாய்க்குப் போவதை விட்டுவிட்டாள்.

மேஸ்திரி வேலையை விட்டபின் அவருக்கும் பொழுது போகவில்லை. குஞ்சுகளை வாங்கி வைத்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டார். போனேன். பூனைக்குப் பயந்து பெட்டியைப் படுக்கையறையிலேயே வைத்திருந்தார். வாடை தாங்காமல் அவர் மனைவி கூடத்தில் படுத்துக்கொண்டிருந்தார்கள்.

"பெத்த பிள்ளைக்கு ஒருநாள் கழுவிவிட்டதில்லைண்ணே இந்த மனுசன். கோழிக்குக் கழுவுறாரு."

"அது எதிர்த்துப் பேசாது, அதான்" என்றார் மேஸ்திரி.

அந்த அம்மா நல்ல மாதிரி. டீ குடிக்காமல் என்னை அனுப்பியதே இல்லை.

மழை பிடித்துக்கொண்ட சமயம் ஒரு சாயங்காலம் கரண்ட் போய்விட்டது. இனி விடிந்துதான் வரும் என்றார்கள். குஞ்சுகள் ஒரே குவியலாகக் கிடந்து கத்தின. மேஸ்திரி கையைப் பிசைந்துகொண்டு நின்றார். அப்போது கேட்டேன்.

"ஒரு தடவை எங்க வீட்டுக்கு வாங்க மேஸ்திரி. அவன் குடிக்கலைன்னு என் வீட்டுக்காரிகிட்ட ஒரு வார்த்தை சொல்லிடுங்க. போதும்."

"செத்தவனுக்கு எதுக்குய்யா நல்ல பேரு? உசிரோட கிடக்கிறதைப் பாரு. இதுங்களுக்கு என்ன வழி, அதைச் சொல்லு."

வழி சொன்னேன். கணப்புக்காகச் சட்டியில் கரியைப் போட்டு வாசலில் வைத்துப் பற்றவைத்தேன். புகை அடங்கிக் கங்கு சிவந்ததும் உள்ளே கொண்டுபோய்ப் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்தேன். ஊதற்காற்று குஞ்சுக்கு ஆகாது என்று ஜன்னல் இடுக்குகளில் சாக்கைக் கிழித்து அடைத்தேன். மூடிய அறையில் கங்கு என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும். கெட்ட காற்றோடு காலம் தள்ளியவன் நான்.

மேஸ்திரி சட்டிமேல் குனிந்து மூக்கை நீட்டினார். "நாத்தமே இல்லையே" என்றார். அவருக்கு அது போதும். பொய் சொல்ல வேண்டிய அவசியமே எனக்கு வரவில்லை.

சற்று நேரத்தில் குஞ்சுகள் பிரிந்து காலை நீட்டின. நான் கிளம்பும்போது அந்த அம்மா பாயைச் சுருட்டிக்கொண்டு கூடத்திலிருந்து வந்தார்கள்.

"கோழிக்கு வந்த வாழ்வைப் பாருங்கண்ணே. கதகதன்னு இருக்கு. நானும் இன்னைக்கு இங்கேயே படுத்துக்கிறேன்."

"கதவை நல்லாச் சாத்திக்கிங்கம்மா" என்றேன்.

காலையில் பால்காரர் தட்டிப் பார்த்துவிட்டு ஆட்களைக் கூப்பிட்டார். குஞ்சுகளில் ஒன்றுகூட மிஞ்சவில்லை. அதில் எனக்கு வருத்தம் உண்டு. மேஸ்திரியும் அந்த அம்மாவும் தூங்குவதுபோலவே கிடந்தார்கள். என் மகன் முகம் அப்படி இருக்கவில்லை.

மனைவியிடம் ஒன்றையும் ஒளிக்காமல் சொன்னேன். மனம் ஆறும் என்று நினைத்தேன். அவள் துவைத்த துணியை மடித்துக்கொண்டிருந்தாள். கை நின்றது.

"அவர் ஒருத்தர் வாய்தானே இருந்துச்சு. எம்புள்ள குடிக்கலைன்னு இனிமே யாரு வந்து சொல்லுவா?"

அந்த ஒன்றை யோசிக்காமல் விட்டுவிட்டேன். அதற்காகத்தான் இதை என் கையாலேயே எழுதித் தருகிறேன், ஐயா. என் மகன் குடித்திருக்கவில்லை. இந்த வரியை மட்டும் யாரும் மாற்ற வேண்டாம். மற்றபடி நான் ஒருவருக்கும் கெடுதல் நினைத்தவன் இல்லை. அந்த அம்மா இருந்தால் அவர்களே சொல்வார்கள்.