புல் போதாத நாட்டில் குதிரைவீரர்

அவையை நடத்த அமர்ந்திருக்கும் சங்கத் தலைவி நாகேஸ்வரி அம்மா அவர்களே, கடல்கடந்து மோர்டனில் குடியேறிய மூத்தோரே, மழையில் இரண்டு பேருந்து மாறி வந்து சேர்ந்த தாய்மாரே, முன்வரிசையில் முகம்கொடாமல் முறைத்திருக்கும் கரப்பந்தாட்ட அணித்தலைவர் பாலேந்திரா அண்ணை அவர்களே, அனைவருக்கும் என் அன்பு வணக்கம்.

அணியைக் கலைக்கும் தீர்மானம் இன்று வாக்குக்கு வருகிறது. கொண்டுவந்தவர் அயலவர் அல்லர். இருபது ஆண்டுகள் அதை வளர்த்த அண்ணையேதான். அதற்குமுன், அணியின் புள்ளி எழுதும் நான், குதிரைகளைப் பற்றி ஐந்து நிமிடம் கேட்டு வாங்கினேன். சிரிக்காதீர்கள், குதிரைகளேதான்.

புல்வெளி! கண்ணுக்கு எட்டியவரை புல்வெளி! அங்கே பிறந்த மங்கோலிய வீரனுக்கு ஐந்தாறு குதிரைகள். ஒன்று களைத்தால் மற்றொன்று. பாய்ந்தான், பாய்ந்தபடியே அம்பு எய்தான், நாடு நாடாக வென்றான். அந்தப் படை சிரியாவுக்கு வந்தது. வீரம் குறைந்ததா? வில் வளைய மறுத்ததா? இல்லை, புல் போதவில்லை! பெரும்படை திரும்பிப் போக அதுவும் ஒரு காரணம் என்கிறார்கள் ஆய்வாளர் சிலர்.

சிரியாவில் எஞ்சிய மங்கோலியரை எதிர்க்க எகிப்திலிருந்து வந்தோர் யார்? அவர்களிலும் பலர் புல்வெளியின் பிள்ளைகள். அடிமைகளாக விற்கப்பட்டு அயல்மண்ணில் ஆளானவர்கள். அங்கே குதிரைக் கூட்டத்துக்கு மேய்ச்சல் ஏது? ஆளுக்கொரு குதிரை, அதற்கு லாயத்தில் வாற்கோதுமை. நிற்கும் குதிரையிலிருந்தும் விரைந்து எய்யப் பழகினார்கள். வில்லை விட்டார்களா? விடவில்லை. குதிரையைத் துறந்தார்களா? துறக்கவில்லை. பழக்கத்தை மாற்றினார்கள். ஆயிரத்து இருநூற்று அறுபதில் வென்றார்கள்!

இனி நம் கதை. திடல் கைவிட்டுப் போனது. பள்ளி மண்டபத்துக்குள் வந்தோம். ஊர் மணலில் ஆடியதுபோலவே பந்தை வானத்துக்குத் தூக்கினோம். மண்டபத்தில் வானம் ஏது? செவன் கிங்ஸ் அணியிடம் தோற்ற அன்று பதினொரு தடவை பந்து கூரையில் பட்டது. அண்ணை கூரை கட்டியவரைத் திட்டினார். பிறகு இந்தத் தீர்மானத்தைக் கொண்டுவந்தார்.

என்ன அண்ணை? உரக்கச் சொல்லுங்கள்.

"அப்ப பந்தை உயரத் தூக்காமல் பதிச்சுப் போடச் சொல்லுறியோ பிள்ளை? நாப்பது வருசப் பழக்கம். என்ர கைக்கு இனி ஏலாது."

ஏலாதா? சபையோரே, போன கிழமை எல்லோரும் தேநீருக்குப் போனபின், சுவரோரம் தனியே நின்று பந்தைத் தாழ்த்தித் தாழ்த்தித் தட்டிப் பழகியவர் யார்? நான் பார்த்தேன். விளையாட்டை விட்டுப்போகிற கையா அது? தோற்றுவிடுவோமோ என்று கூசுகிற கை. ஆனாலும் ஆட ஆசைப்படுகிற கை!

தலைவி தலையசைக்கிறார், வாக்கெடுப்பு நடக்கட்டும். அணியைக் கலைக்க விரும்புவோர் கை உயர்த்துங்கள். ஒருவருமில்லையா? அண்ணை, தீர்மானம் உங்களுடையது. உங்கள் கை எங்கே?

"கதையை விடு பிள்ளை. ஞாயிறு விளையாட்டு எத்தினை மணிக்கு எண்டு சொல்லு."

பத்து மணிக்கு, அண்ணை! பொறுமையாய்க் கேட்ட உங்கள் அனைவருக்கும் நன்றி. கை தட்டியவர்கள் ஞாயிறு மண்டபத்துக்கும் வந்து தட்டுங்கள். வணக்கம்.