முப்பது மில்லிக் கோப்பையும் என் மச்சினனும்

என்னை எல்லோரும் ஃபுல் லோடு என்று அழைப்பார்கள். வயது நாற்பத்தொன்பது. லாரிகளை எடைபோடும் எடைமேடைக்குப் பின்னால் உள்ள குடியிருப்பில், இரண்டாம் மாடியில், மனைவியுடன் வசிக்கிறேன். அதே எடைமேடையில் பத்தொன்பது ஆண்டுகளாகச் சீட்டுப் போடும் வேலை பார்க்கிறேன். என் மனைவியின் தம்பி எனக்குக் குடிக்கும் பொருளில் ஏதோ கலந்து கொடுத்தான் என்று நேற்று மாலை நான் கொடுத்த புகார் தொடர்பாக, இன்று காலை இதே காவல் நிலையத்தில், தெளிந்த நிலையில், எவருடைய வற்புறுத்தலும் இன்றி இதைச் சொல்கிறேன். மேற்படி மச்சினன் எதிர் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறான். என்னைப் பார்க்காமல் மின்விசிறியைப் பார்க்கிறான்.

ஒன்றரை ஆண்டுக்கு முன்பு என் எடை நூற்று அறுபத்திரண்டு கிலோ. நான் நடந்தால் பக்கத்துத் தெருவில் பாத்திரம் உருளும். அப்போது நான் குடித்தால் அதில் கப்பல் விடலாம். (கப்பலை எழுத ஏட்டு மறுத்துவிட்டார். மாதத்தில் ஒருநாள், ஆறு பீர் எனக் கொள்ளவும்.) ஆறுக்குப் பிறகும் கால் பிசகாமல் மாடி ஏறுவேன்.

அதன் பிறகு எனக்கு இரைப்பையைச் சுருக்கும் அறுவை சிகிச்சை நடந்தது. வீடு திரும்பும் நாளில் டாக்டர், மச்சினனையும் அருகில் வைத்துக்கொண்டு, "இனிமே குடிக்கவே கூடாது. வயிறு சின்னதாயிட்டா சரக்கு நேரா ரத்தத்துல ஏறும். சாப்பாட்டு ஆசை எழுந்து போன எடத்துல அது வந்து உக்காந்துக்கும்" என்றார். நான், "டாக்டர், சரக்குதான் என்னைப் பாத்து பயப்படணும்" என்றேன். டாக்டர் சிரிக்கவில்லை. மச்சினன் டாக்டர் சொன்னதை ஒரு தாளில் எழுதிக்கொண்டான்.

அதன் பிறகு நர்ஸ் ஒரு முப்பது மில்லி பிளாஸ்டிக் கோப்பையைக் கொடுத்து, கால் மணிக்கு ஒரு கோப்பை தண்ணீர் குடிக்கச் சொன்னார். என் மனைவி என் போனில் கால் மணிக்கொரு முறை மணி அடிக்க வைத்தாள். வயிறு ஆறிய பிறகும் அந்த மணியை யாரும் நிறுத்தவில்லை.

பத்து மாதத்தில் பாதி ஆளானேன். லாரிக்காரர்கள் என்னை அரை லோடு என்றார்கள். அதன் பிறகு ஒரு சக ஊழியரின் பணி ஓய்வு விருந்தில், சட்டைப்பையில் கோப்பை இருந்ததால், அதில் ஒரே ஒரு முறை பிராந்தி ஊற்றிக் குடித்தேன். ஐந்தாவது நிமிடம் நான் சக்கரவர்த்தி. நாற்காலிகள் எழுந்து நின்று என்னை வணங்கின. இத்தனை சின்னக் கோப்பையில் குடிப்பது குடியே அல்ல, மருத்துவ முறை என்று முடிவு செய்தேன். அதன் பிறகு போனில் ஒரு மணி அடித்தால் தண்ணீர், அடுத்த மணிக்குப் பிராந்தி என்று நடந்து, அதன் பிறகு எல்லா மணிக்கும் பிராந்தி ஆனது. ஒருமுறைகூட நேரம் தவறியதில்லை. இவ்வளவு ஒழுங்கான நோயாளியை மருத்துவ உலகம் கண்டிருக்காது.

நேற்று பகல் மூன்று மணிக்கு நான் எடைமேடையில் ஏறி நின்று, என் பெயருக்கே சீட்டுப் போடச் சொன்னேன். எண்பது கிலோ என்று வந்தது. என்னில் பாதியை யாரோ வழியில் இறக்கிவிட்டார்கள், எல்லா லாரியையும் சோதிக்காமல் இறங்க மாட்டேன் என்று அறிவித்தேன். பக்கத்துக் கூண்டில் வேலை செய்யும் மச்சினன் ஓடிவந்தான்.

"மாமா, கீழ எறங்குங்க. பதினோரு வண்டி நிக்குது."

"என் மிச்சம் எங்கடா மாப்ளே?"

"அதை ஆஸ்பத்திரியில கேளுங்க. மொதல்ல எறங்குங்க, எல்லாரும் போன்ல படம் புடிக்கிறாங்க."

அவன் என்னைத் தோளில் தூக்கி இறக்கினான். முன்பென்றால் அதற்குக் கிரேன் வேண்டும். அந்த அவமானத்தில் நேராக இங்கே வந்து, ரெண்டே கோப்பையில் எனக்கு இப்படி ஆகாது, இவன்தான் கலந்தான் என்று புகார் எழுதினேன். அதன் பிறகு அவன் பையில் ஐந்து பாட்டில்கள் அகப்பட்டதால் அவனை உட்கார வைத்தார்கள். இன்று அவனைக் கோர்ட்டுக்கு அனுப்பப்போவதாகவும், அனுப்பினால் அவன் வேலை போய்விடும் என்றும் அறிந்தேன்.

அந்த ஐந்தும் என்னுடையவை. சீட்டுக் காகிதப் பெட்டியிலும் தீயணைப்பு வாளி மணலிலும் நான் ஒளித்தவை. அவன் தேடி எடுத்து, கீழே கொட்டுவதற்காகக் கொண்டு போனவை. அவன் எதையும் கலக்கவில்லை. கோப்பை இரண்டும் அல்ல. காலை எட்டு மணியிலிருந்து கணக்கிட்டால் இருபத்தெட்டு.

இதைச் சொல்லும்போது மேசையிலிருந்த என் போன் நான்கு முறை அடித்தது. நான்கு முறையும் என் கை தானாகச் சட்டைப்பைக்குப் போனது. கோப்பை சான்றுப்பொருளாக ஏட்டிடம் இருப்பது தெரிந்தும் போனது. நான்காவது முறை மச்சினன் எழுந்து வந்து, என் போனில் அந்த மணியை நிறுத்தினான். "டாக்டர்கிட்ட இன்னைக்கே போலாம் மாமா. நானும் வர்றேன்" என்றான். அவன் சட்டைப்பையில் டாக்டர் சொன்னதை எழுதிய தாள் இன்னும் இருக்கிறது.

ஆகவே அவனை விட்டுவிடும்படியும், வழக்கு முடிந்தாலும் மேற்படி கோப்பையை என்னிடம் திருப்பித் தர வேண்டாம் என்றும் கேட்டுக்கொள்கிறேன். ஏட்டு வாசித்துக் காட்டக் கேட்டேன். அந்த நாற்காலிகள் வணங்கியது நீங்கலாக அனைத்தும் நடந்தவை. கீழே உள்ள கையெழுத்து கோணலாக இருந்தாலும் என்னுடையதே.

(ஒப்பம்)
ஃபுல் லோடு