முந்நூறு என்று நான் எழுதிய ரைபிள்

தலைமை ஏற்றிருக்கும் பஞ்சாயத்துத் தலைவர் அவர்களே, மேடையில் இருக்கும் பெரியோர்களே, திருமயம் தாலுகாவில் துப்பாக்கி லைசென்ஸ் வைத்திருக்கும் அன்பர்களே!

துப்பாக்கி பழுதுபார்க்கும் ஆர்மரராக இருந்து மறைந்த செபமாலை அவர்களைப் புகழ்ந்து ஐந்து நிமிஷம் பேசச் சொன்னார்கள். ஐந்து நிமிஷத்தில் அந்த மனிதர் எதைச் செய்தார்? ஒரு துப்பாக்கியைப் பார்த்துச் சொல்ல அரை நாள் எடுத்துக்கொண்டவர் அல்லவா!

சமஸ்தானம் இந்தியாவோடு இணைந்த பிறகு பழைய லைசென்ஸ்களைப் புதுப் பதிவேட்டில் ஏற்றிய குமாஸ்தா நான். எந்தக் கம்பெனி செய்தது, குண்டின் அளவு என்ன என்று சொல்ல வேண்டியவர் அவர். வாசலில் நாற்பது பேர் நிற்பார்கள். குழலின் மேலேயே பெயர் வெட்டியிருக்கிறதே, எழுதிக்கொள்ளலாமே என்பேன். அது விற்ற கடையின் பெயர் என்பார். கட்டையைக் கழற்றி, குழலின் அடியில் எண்ணெய் போட்டுத் துடைத்து, அங்கே குத்தியிருக்கும் முத்திரையைப் பார்க்காமல் வாய் திறக்க மாட்டார். எத்தனை நாள் தலையில் அடித்துக்கொண்டேன் தெரியுமா?

ஒரு நாள் அவர் சாப்பிடப் போயிருந்தபோது, மலையாண்டி கொண்டுவந்த ரைபிளை நானே பார்த்தேன். குறிபார்க்கும் தகட்டில் 300 என்று இருந்தது. குண்டின் அளவு முந்நூறு என்று எழுதிவிட்டேன். திரும்பி வந்தவர் வழக்கம்போல் கட்டையைக் கழற்றினார்.

"குமாஸ்தாய்யா, அது குண்டோட அளவு இல்லீங்க, தூரம். முன்னூறு கெஜத்துக்குச் சுடுறப்ப நிமித்துற தகடு. அடியில பாருங்க, நானூத்தியம்பதுன்னு குத்தியிருக்கு."

நாளைக்குத் திருத்தலாம் என்றேன். பதிவேட்டில் அடித்தல் இருந்தால் தாசில்தார் என்னைத்தானே கேட்பார்! மூன்று வருஷம் நாளைக்கு என்றே சொன்னேன். மூன்று வருஷமும் விடாமல் கேட்டார். என்ன பிடிவாதம் ஐயா அது!

இப்போது என்ன ஆயிற்று? போலீஸார் குழலை அளந்து பார்த்து, லைசென்ஸில் உள்ளது இந்த ரைபிளே இல்லை என்று மலையாண்டியை உள்ளே வைத்துவிட்டார்கள். கடலைக் கொல்லையில் பன்றி விரட்ட வைத்திருந்தவர் அவர். திங்கட்கிழமை விசாரணை. சாட்சி சொல்ல இருந்த செபமாலை வியாழக்கிழமை கண்ணை மூடிவிட்டார். நான்கு நாள் பொறுக்கக் கூடாதா? எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வருகிறது. அவர் மேலா, என் மேலா என்றுகூடத் தெரியவில்லை.

அவர் பணியைத் தொடர்வோம் என்று எனக்கு முன் பேசிய மூவரும் உறுதி சொன்னார்கள். யாருக்கு ஐயா முத்திரை பார்க்கத் தெரியும்? எனக்கும் தெரியாது. என்னால் ஆனது ஒன்றுதான். திங்கட்கிழமை அந்தப் பதிவேட்டோடு கூண்டில் ஏறுவேன். எழுதியது நான், தவறென்று தெரிந்தும் திருத்தாதவன் நான் என்று சொல்வேன். வேலை போனால் போகட்டும்.

முன் வரிசையில் மலையாண்டியின் மனைவி ராக்காயி இருக்கிறார். அம்மா, திங்கட்கிழமை நீங்களும் கோர்ட்டுக்கு வந்துவிடுங்கள். உங்கள் வீட்டுக்காரரை அழைத்துக்கொண்டு போகலாம்.